வீணை கேட்காத வீடியோ

மயிலாப்பூர் மாட வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் வீணை சொல்லிக்கொடுக்கும் டீச்சர் ஒருவர், சென்ற ஆண்டு தன் வகுப்புக்காக ஒரு விளம்பர வீடியோ எடுத்துக்கொண்டார். செலவு 85,000 ரூபாய். கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து வாங்கிய பணம். நீளம் 2 நிமிடம் 10 விநாடி. மெரினாவில் சூரியன் உதிக்கிறது. கபாலீஸ்வரர் கோயில் கோபுரத்தைச் சுற்றிப் புறாக்கள் பறக்கின்றன. டீச்சர் பட்டுப்புடவையில் குத்துவிளக்கு ஏற்றுகிறார். தீக்குச்சி மெதுவாக, மிக மெதுவாக எரிகிறது. மல்லிகைப்பூ, டபராவில் காபி, வாசலில் கோலம். கடைசியில் வீணையின் மேல் விரல்கள். அந்த விரல்கள் நகரும்போது பின்னணியில் ஒலிப்பது புல்லாங்குழல், எங்கிருந்தோ எடுத்துப் போட்ட இசைத்துண்டு.

அதை என்னிடம் காட்டிவிட்டு அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஏன்பா, அரை மணி நேரம் உக்காந்து வாசிச்சேனே, அது எங்க போச்சு?"

சென்ற மாதம் ஒரு வணிக இதழில் விளம்பர ஆலோசகர் ஒருவர் எழுதிய கட்டுரையைப் படித்து முடித்தபோது அந்தக் கேள்விதான் எனக்குள் மறுபடி எழுந்தது. பாட்டு டீச்சர், டியூஷன் மாஸ்டர், மேக்கப் கலைஞர், சமையல்காரர், மொழிபெயர்ப்பாளர், ஏ.சி. மெக்கானிக் என்று சொந்தமாக வேலை எடுத்துச் செய்கிறவர்களுக்கு அவர் சொல்லும் அறிவுரை இது: ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறைவாகச் செலவழித்து வீடியோ எடுப்பதைவிட எடுக்காமலே இருக்கலாம். போனில் எடுத்தால் உங்கள் தொழிலே மலிவாகத் தெரியும். சினிமாத் தரம் வேண்டும், 4கே வேண்டும், டிரோன் வேண்டும், எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டு பின்னணியில் வேண்டும். உங்கள் முகத்தைக் காட்டாதீர்கள், பயிற்சி பெற்ற ஒரு தொகுப்பாளரைப் பேச வையுங்கள். தி.நகரின் பெரிய கடைகள் அப்படித்தான் வளர்ந்தன.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. இது அவர் ஒருவருடைய கருத்து இல்லை என்பதுதான் காரணம். நான் 19 ஆண்டுகளாகப் படத்தொகுப்பு செய்கிறேன். தி.நகர் கல்யாண மண்டபங்களில் எடுத்த வீடியோக்களை வெட்டி ஒட்டியே இந்தத் தொழிலைக் கற்றேன். இதே வாதத்தைப் பல வாய்களிலிருந்து கேட்டிருக்கிறேன், இதை நம்பிக் கடன் வாங்கியவர்களோடு உட்கார்ந்து பேசியும் இருக்கிறேன். வாதம் வெறும் தவறாக இருந்திருந்தால் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போயிருப்பேன். இது ஆட்களைக் கடனாளியாக்குகிறது. அதனால் வரிக்கு வரி பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரிய பட்ஜெட்டில் வீடியோ எடுத்தால் எனக்கும் கூலி கூடும். அதைத் தெரிந்துகொண்டேதான் இதை எழுதுகிறேன்.

முதலில் தி.நகர். அவருடைய கட்டுரையே இந்த உதாரணத்தின் மேல்தான் நிற்கிறது. ஆனால் தி.நகரை உதாரணம் காட்டுகிறவர் தி.நகர் விளம்பரங்களை உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டாமா? 1978-ல் தி.நகரில் வசந்த் அண்டு கோவைத் தொடங்கிய எச்.வசந்தகுமார், 2020 ஆகஸ்டில் கொரோனாவால் இறக்கும்வரை தன் கடை விளம்பரங்களில் தானேதான் சிரித்துக்கொண்டு நின்றார். அவரிடம் நடிகரின் முகவெட்டு கிடையாது. ஆனால் எந்த நடிகராலும் தர முடியாத ஒன்றை அந்தச் சிரிப்பு தந்தது: வாங்கிய பொருள் கெட்டுப்போனால் யாரைத் தேடிப்போய்ச் சண்டை போட வேண்டும் என்பது வாங்குகிறவருக்குத் தெரிந்தது. லலிதா ஜுவல்லரியின் கிரண்குமாரை எடுத்துக்கொள்ளுங்கள். மழித்த தலை, வெள்ளைச் சட்டை. தமிழ் அவருக்குத் தாய்மொழி இல்லை என்பது இரண்டு வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். அவர் சொன்னது என்ன? நகையின் விலைச் சீட்டைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், நாலு கடையில் காட்டி ஒப்பிட்டுப் பாருங்கள், பிறகு வந்து வாங்குங்கள். அந்தப் பேச்சைத்தான் ஊர் முழுக்கத் திரும்பச் சொன்னது. பின்னால் என்ன செட் போட்டிருந்தார்கள், என்ன கேமராவில் எடுத்தார்கள் என்று யாருக்காவது நினைவிருக்கிறதா?

ஆலோசகர் பெயர் சொல்லி எடுத்துக்காட்டுவது சரவணா ஸ்டோர்ஸ் விளம்பரத்தை. ஹன்சிகாவும் தமன்னாவும் வந்தார்கள், உண்மை. பணம் கொட்டி எடுத்தார்கள், அதுவும் உண்மை. ஆனால் அந்த விளம்பரம் வந்தபோது டீக்கடையில் பேச்சு எதைப் பற்றி இருந்தது? நடுவில் நின்று ஆடிய முதலாளி சரவணன் அருளைப் பற்றி. 2022-ல் 'தி லெஜண்ட்' படத்தில் அவர் கதாநாயகனாகவே வரும் அளவுக்கு அந்த முகம் ஊருக்குப் பழகியிருந்தது. ஆக, தி.நகரின் மூன்று பெரிய உதாரணங்களும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன: தொழில் செய்கிறவர் தானே முன்னால் வந்து நின்றார். முகத்தை மறைத்துக்கொள்ளுங்கள் என்று அறிவுரை சொல்ல ஒருவர் தி.நகரைத் துணைக்கு அழைப்பது எனக்கு விளங்கவே இல்லை.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று அந்த உதாரணத்துக்குள் இருக்கிறது. கடை விளம்பரம் வேலை செய்வது அழகால் அல்ல, திரும்பத் திரும்ப வருவதால். சீரியலுக்கு நடுவில், கிரிக்கெட்டுக்கு நடுவில், தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கணக்குப் போட்டு டி.வி. நேரத்தை விலைக்கு வாங்குகிறார்கள். படம் எடுக்க ஆகும் செலவு அதன் பக்கத்தில் சின்னத் தொகை. வீணை டீச்சர் எந்தச் சேனலில் நேரம் வாங்கப் போகிறார்? அவருடைய வீடியோவை ஒருவர் ஒரு தடவை பார்ப்பார், அதிகம் போனால் வீட்டுக்காரரிடம் காட்ட இரண்டாவது தடவை. நூறு தடவை பார்க்க வைக்கும் பொருளுக்கும் ஒரே தடவை பார்க்கும் பொருளுக்கும் ஒரே இலக்கணம் எப்படிப் பொருந்தும்?

அந்த ஒரு தடவையும் எப்போது நடக்கிறது என்று பாருங்கள். நியூஜெர்சியில் இருக்கும் ஒரு பெண், தன் மகளுக்கு வீணை கற்றுத்தர ஆள் தேடுகிறாள். அவளுடைய சித்தி அபிராமபுரத்திலிருந்து, "மயிலாப்பூர்ல ஒரு டீச்சர் இருக்காங்க, பொறுமையாச் சொல்லித்தருவாங்க" என்று எண்ணை அனுப்புகிறார். அவள் வாட்ஸ்அப்பில் வணக்கம் சொல்கிறாள். டீச்சர் பதிலோடு வீடியோவையும் அனுப்புகிறார். பெயர் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. பரிந்துரையும் போய்ச் சேர்ந்துவிட்டது. வீடியோவைத் திறக்கும்போது அந்தத் தாயின் மனத்தில் இருப்பது இரண்டு சந்தேகங்கள்: இவருக்கு உண்மையிலேயே சொல்லித்தர வருமா, என் பெண்ணை அதட்டாமல் சொல்லித்தருவாரா? மெரினாவின் சூரியோதயம் இந்த இரண்டில் எதற்குப் பதில்? அவளும் மெரினாவில் சுண்டல் வாங்கித் தின்று வளர்ந்தவள்தான். சூரியன் கிழக்கே உதிப்பது அவளுக்குத் தெரியும்.

முன்பெல்லாம் இந்தச் சந்தேகத்தைத் தெருவே தீர்த்துவைத்தது. 1994-ல் தொடங்கிய மயிலாப்பூர் டைம்ஸ் போன்ற பேட்டைப் பத்திரிகைகளில் மூன்று வரி விளம்பரமும் ஒரு தொலைபேசி எண்ணும் போதும். மற்றதை அந்தத் தெருவில் நடந்தாலே தெரிந்துகொள்ளலாம். சாயங்காலம் ஆறு மணிக்கு ஜன்னல் வழியே சரளி வரிசை கேட்கும், கூடவே டீச்சரின் குரலும். மாணவர்கள் கடல் தாண்டிப் போன பிறகு தெருவில் நடந்து பார்க்க வழியில்லை. அந்த ஜன்னலுக்குப் பதிலாகத்தான் இந்த வீடியோ. தனியாள் தொழிலுக்கான வீடியோ என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் இதற்கு மேல் ஒரு விளக்கம் என்னிடம் இல்லை. ஜன்னலைத் திறந்து காட்ட லட்ச ரூபாய் கேட்பவரிடம் நான் சண்டை போடாமல் வேறு என்ன செய்வது?

அடுத்து சினிமாத் தரம், 4கே. வாட்ஸ்அப்பில் எச்.டி. என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால்கூட வீடியோ 720பி-க்குச் சுருங்கித்தான் போய்ச் சேரும். சாதாரணமாக அனுப்பினால் அதற்கும் கீழே. 4கே-யில் எடுக்க வாடகைக் கேமரா, அதைக் கையாளத் தனி ஆள், அந்தக் கோப்புகளைத் தாங்கும் கணினி என்று வாடிக்கையாளர் தலையில் செலவைக் கட்டி, கடைசியில் அந்த நியூஜெர்சித் தாயின் கையில் போய்ச் சேருவது அந்தச் சுருங்கிய படம்தான். ஆலோசகருக்கு இது தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை. தெரிந்தே எழுதியிருந்தால் அது அதைவிட மோசம்.

சினிமாக்காரர்களே அவர் சொல்லும் சினிமாத் தரத்தை நம்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாலாஜி சக்திவேல் இயக்கி, விஜய் மில்டன் ஒளிப்பதிவு செய்து 2012-ல் வந்த 'வழக்கு எண் 18/9' படம், கல்யாண வீட்டில் போட்டோ எடுப்பவர்கள் கழுத்தில் தொங்கும் கேனான் 7டி-யில் எடுக்கப்பட்டது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. அமெரிக்காவில் ஷான் பேக்கர் 'டாஞ்சரின்' என்ற முழுநீளப் படத்தை ஐபோன் 5எஸ்-ல் எடுத்து 2015-ல் வெளியிட்டார். இன்று பத்தாம் வகுப்புப் பையன் கையில் இருக்கும் போனின் கேமரா அதைவிடத் தேறியது. கவனிக்க வேண்டிய விஷயம் வேறு: பேக்கர் படத்தைத்தான் போனில் எடுத்தார், வசனத்தைப் போனின் மைக்கில் எடுக்கவில்லை. அதற்குத் தனியாக ஒலிப்பதிவு வைத்திருந்தார்.

இங்கேதான் நான் ஆலோசகரோடு மிகவும் முரண்படுகிறேன். அவ்வளவு நீளக் கட்டுரையில் ஒலியைப் பற்றி ஒரு பத்திகூட இல்லை. பின்னணிப் பாட்டைப் பற்றி இருக்கிறது. பேசுகிறவரின் குரல் கேட்க வேண்டும் என்பதைப் பற்றி இல்லை. 19 ஆண்டுகளில் நான் கற்றதில் ஒன்றை மட்டும் யாருக்காவது சொல்லிவிட்டுப் போகலாம் என்றால் இதைச் சொல்வேன்: படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு புரியாவிட்டால் அடுத்த விநாடியே விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். மயிலாப்பூர் லியோ காபியின் பழைய விளம்பரம் ஞாபகம் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். படத்தில் என்னென்ன வந்தது என்பதில் தடுமாறுவார்கள். ஆனால் ஏ.ஆர்.ரஹ்மான் போட்ட அந்த மெட்டை உடனே முனகிக் காட்டுவார்கள். அப்போது அவர் 'ரோஜா'வுக்கு முந்தைய, ஊருக்குப் பெயர் தெரியாத இளைஞர்.

சென்னையில் சுத்தமான குரலைப் பதிவு செய்வது எளிது என்று நான் சொல்ல மாட்டேன். மின்விசிறியை நிறுத்தினால் மூன்று நிமிடத்தில் முகம் வியர்த்துவிடும், நிறுத்தாவிட்டால் அதன் இரைச்சல் குரலின் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். மாடியில் மோட்டார் போடுவார்கள். பக்கத்து வீட்டில் குக்கர் விசில். பழைய பேப்பர்க்காரரின் ஒலிபெருக்கி. காக்கை. மார்கழி என்றால் விடிவதற்கு முன்பே கோயில் ஸ்பீக்கர். லஸ்ஸிலும் பனகல் பார்க்கிலும் மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை தொடங்கியதிலிருந்து தரைக்கு அடியிலிருந்தும் உறுமல். இத்தனைக்கும் தீர்வு லட்ச ரூபாய் கேட்பதில்லை. சட்டையில் குத்தும் ஒயர் மைக் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் குத்தினால் காக்கை பின்னால் போய்விடும், குரல் முன்னால் வந்துவிடும். கூடத்தில் எடுக்காமல் படுக்கையறையில் எடுக்க வேண்டும். மெத்தை, தலையணை, திறந்த பீரோவில் தொங்கும் துணிகள் எல்லாம் எதிரொலியை விழுங்கிக்கொள்ளும். மயிலாப்பூர்ச் சந்துகளில் மதியம் இரண்டு மணியிலிருந்து மூன்றரைவரை ஓர் அமைதி உண்டு. ஊர் சாப்பிட்டுவிட்டுச் சாயும் நேரம். என்னுடைய நல்ல ஒலிப்பதிவுகளில் பாதி அந்த ஒன்றரை மணி நேரத்தில் எடுத்தவை.

வெளிச்சமும் அப்படித்தான். ஜன்னலுக்கு முதுகைக் காட்டாமல், பக்கவாட்டில் உட்கார்ந்து, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால் போதும். கோடம்பாக்கத்தில் பெரிய ஒளிப்பதிவாளர்களும் தெர்மாகோலைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னவர்கள்தான். டியூப்லைட் அடியில் எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். போன்கள் வழக்கமாக விநாடிக்கு 30 சட்டகம் எடுக்கும். அதற்கும் நம் விளக்குகளின் துடிப்புக்கும் ஒத்துப்போகாமல் திரையில் கோடு கோடாக ஓடும், வெளிச்சம் துடிக்கும். விநாடிக்கு 25 சட்டகம், ஷட்டர் 50-ல் ஒரு பங்கு என்று மாற்றி வைத்தால் கோடு போய்விடும். இதற்குக் காசே கிடையாது. ஒரு லட்சம் செலவழித்து எடுத்த வீடியோக்களிலும் இந்தக் கோடு ஓடுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன், எடுத்தவர் கவனிக்கவில்லை. விலை உயர்ந்த கருவி ஒருவருக்குக் கவனத்தைச் சேர்த்துத் தருவதில்லை.

டிரோன். டிரோன் விதிகள் 2021-ன்படி விமான நிலைய எல்லையிலிருந்து 12 கிலோமீட்டர்வரை பறக்க விடுவதில் கட்டுப்பாடுகள் உண்டு. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு மூன்றுமே மீனம்பாக்கத்திலிருந்து அந்தத் தூரத்துக்குள்தான் வருகின்றன. வீணை வகுப்பை வானத்திலிருந்து பார்க்க வேண்டிய அவசியம் என்ன என்ற கேள்வியை விட்டுவிடுகிறேன். அனுமதியைப் பற்றி ஒரு சொல்கூட எழுதாமல் ஒரு டியூஷன் மாஸ்டரை டிரோன் எடுக்கச் சொல்வது பொறுப்பற்ற செயல்.

எல்லோருக்கும் தெரிந்த பாட்டு என்பதும் அதே ரகம். 2024 மே மாதம் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்தில் தன் பாட்டைப் பயன்படுத்தியதற்காக இளையராஜா அனுப்பிய வக்கீல் நோட்டீஸ் ஊரெல்லாம் செய்தியானது. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவில் தெரிந்தே மீறுகிறவருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டுவரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம்வரை அபராதமும் எழுதப்பட்டிருக்கிறது. சொந்தக் கொண்டாட்டத்துக்குப் பாடுவது வேறு, கூலி வாங்கும் தொழிலுக்கு விளம்பரமாக ஒட்டிக்கொள்வது வேறு. யூடியூபின் ஒலி நூலகத்தில் இலவசமாக ஆயிரக்கணக்கில் இசைத்துண்டுகள் கிடக்கின்றன. அதுகூட வேண்டாம் என்பேன். வீணை டீச்சருக்குப் பின்னணியில் என்ன இசை வேண்டும்?

இப்போது முகம். கட்டுரையில் என்னை உண்மையிலேயே காயப்படுத்திய பகுதி இது. திரைக்கு ஏற்ற முகம் இல்லாதவர்கள் விலகிக்கொண்டு, தொகுப்பாளர் ஒருவரைப் பேச வைக்க வேண்டும் என்கிறார். திரைக்கு ஏற்ற முகம் என்றால் என்ன என்று அவர் எழுதவில்லை, எழுதத் தேவையும் இல்லை. தமிழ் விளம்பரங்களில் எந்த நிறம் வருகிறது, எந்த நிறம் வருவதில்லை என்பது இந்த ஊரில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். நம் தெருவில் நடக்கும் நூறு பேரில் தொண்ணூறு பேருக்குத் திரையில் இடமில்லை என்று எத்தனையோ ஆண்டுகளாக நமக்குச் சொல்லிவருகிறார்கள். அதையே தொழில் ஆலோசனை என்ற பெயரில், சொந்தக் கையால் சம்பாதிக்கிறவரிடம் போய்ச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

தொழில் கணக்குப்படி பார்த்தாலும் இது தப்பு. அடையாறு இந்திரா நகரில் எனக்குத் தெரிந்த ஏ.சி. மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். கறுத்த மெலிந்த மனிதர், கேமரா முன்னால் கூச்சப்படுவார். பகலில் தனியாக இருக்கும் பெரியவர்கள் வீடுகளுக்கும், பெண்கள் மட்டும் இருக்கும் வீடுகளுக்கும் போய் வேலை செய்கிறவர். கதவைத் திறந்துவிடப் போகிற அந்த அம்மாள் யாரைப் பார்க்க விரும்புவார்? சிரித்துப் பேசும் தொகுப்பாளரையா, மறுநாள் காலையில் வாசலில் வந்து நிற்கப் போகிறவரையா? அவருக்கு நாங்கள் எடுத்தது 45 விநாடி. ஒரு பழைய ஸ்பிளிட் ஏ.சி.யின் பில்டரைக் கழற்றி, அதில் அப்பியிருந்த தூசியைக் கேமராவுக்குக் காட்டினார். "இத நீங்களே மாசம் ஒருதடவ கழுவிப் போட்டுருங்கம்மா, இதுக்காக என்னைக் கூப்பிட வேணாம்" என்றார். அதைச் சொல்லும்போது கூச்சம் போய்விட்டது, தெரிந்த வேலையைப் பற்றிப் பேசினார் அல்லவா. வேலை வேண்டாம் என்று சொல்லும் அந்த வரிதான் அவருக்கு வேலை வாங்கித் தந்தது. அழைத்தவர்களில் பலர் அதையே சொல்லி அழைத்தார்கள். எந்தத் தொகுப்பாளருக்கும் அந்த வரி எழுதித் தர முடியாது, ஏனென்றால் அது அவர் 15 வருடமாக வீடு வீடாகச் சொல்லிவரும் வரி.

ஆலோசகர் சொல்வதில் ஒன்று சரி. மோசமான வீடியோ தொழிலைக் கெடுக்கும். ஆனால் எது மோசம் என்பதில்தான் அவர் வழி தவறிவிட்டார். புள்ளி புள்ளியாகத் தெரியும் படம் மோசமில்லை. செய்யாத வேலையைச் செய்ததாகக் காட்டுவது மோசம். எங்கே இருக்கிறீர்கள், எவ்வளவு வாங்குவீர்கள், எப்போது கிடைப்பீர்கள் என்பதைக் கடைசிவரை சொல்லாமல் இழுப்பது மோசம். 'தரமான சேவை', 'வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் லட்சியம்' என்று யார் வாயில் வைத்தாலும் பொருந்தும் வரிகளைப் பேசுவது மிக மோசம்.

குறைந்த செலவு என்றால் குறைந்த உழைப்பு என்று என் பக்கம் நிற்பவர்களில் சிலரும் நினைக்கிறார்கள். அதுவும் தவறு. 2012 மார்ச்சில் அமெரிக்காவில் மைக்கேல் டூபின் என்பவர் தன் சவர பிளேடு நிறுவனத்துக்கு எடுத்த வீடியோவை இதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். கிடங்குக்குள் தானே நடந்துகொண்டு பேசினார். செலவு சுமார் 4,500 டாலர், முதல் இரண்டு நாளில் 12,000 பேர் வாங்கப் பதிந்தார்கள். சொல்லாமல் விடுவது, அந்த மனிதர் நகைச்சுவை மேடையில் பல ஆண்டு பயிற்சி எடுத்தவர் என்பது. பணம் குறைந்த இடத்தில் வேறொன்று வந்து நிரம்ப வேண்டும். நம் ஆட்களுக்கு அது எழுத்தும் பொறுமையும். ஒரு நிமிடத்துக்கு நூறு சொல்லுக்கு மேல் போனால் தமிழில் மூச்சு வாங்கும். அந்த நூறு சொல்லை எழுதி, சத்தமாகப் படித்து, வாயில் தடுக்கும் சொல்லை எடுத்து, மறுபடி எழுதி, பிறகு காகிதத்தைத் தூக்கி வைத்துவிட்டு எதிரில் இருப்பவரிடம் சொல்வதுபோல் சொல்ல வேண்டும். இரண்டு நாள் வேலை அது.

கூலியை மிச்சம் பிடிக்கவும் நான் சொல்லவில்லை. கேமரா பிடிக்கிற பையனுக்கும் படத்தொகுப்பு செய்கிறவருக்கும் அரை நாள் கூலி, ஒரு நாள் கூலி என்று பேசிக் கொடுத்துவிட வேண்டும். என் தொழிலில் இருப்பவர்களின் வயிற்றில் அடிக்கும் யோசனை என்று ஆலோசகர் மறுபடி எழுதக்கூடும் என்பதால் இதைச் சொல்கிறேன். லட்ச ரூபாய் வீடியோவில் மிகப் பெரிய பங்கு வாடகைக்கும் தரகுக்கும் போகிறது. படம் பிடித்தவனுக்குப் போவது எவ்வளவு என்று எனக்கு நன்றாகத் தெரியும், நானே அந்தப் பையனாக இருந்திருக்கிறேன்.

வீணை டீச்சருக்கு மறுபடி எடுத்தோம். அவருடைய போன், ஆயிரம் ரூபாய்க்குக் கீழே ஒரு மைக், அதே அளவில் ஒரு டிரைபாட், தெர்மாகோல் அட்டை. கேமராவுக்குப் பின்னால் நின்ற பையனுக்கு அரை நாள் கூலி 1,500. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில் நான் வெட்டித் தந்தேன். அதற்கு 4,000 வாங்கிக்கொள்ளச் சொல்லி டீச்சர் விடவே இல்லை, வாங்கிக்கொண்டேன். எல்லாம் சேர்த்து 8,000 தாண்டவில்லை.

சித்திரை மாத மதியம், இரண்டேகால் மணி. மின்விசிறி நின்றிருந்தது. பதினொரு வயதுப் பெண் ஒருத்தி தோடி வாசித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், பின்னாலிருந்து எடுக்கலாம், முகம் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். காந்தாரத்தில் தந்தியை அதிகமாக இழுத்துவிட்டாள். டீச்சர் அவள் மணிக்கட்டை லேசாகப் பிடித்து நிறுத்தினார். "கைய விடு. முதல்ல பாடு. உன் தொண்டைல அது எவ்வளவு தூரம் அசையறதுன்னு கேளு. அவ்வளவுதான் இழுக்கணும்." அந்தப் பெண் பாடினாள், கொஞ்சம் நடுங்கிய குரலில். டீச்சர் கூடவே பாடினார். பிறகு அவள் வாசித்தாள். இந்தத் தடவை காந்தாரம் சரியான இடத்தில் நின்று அசைந்தது. கடைசியில் டீச்சர் கேமராவைப் பார்த்து, எந்தெந்த நாளில் எந்த நேரத்துக்கு வகுப்பு, மாதம் எவ்வளவு என்று சொன்னார். மொத்தம் 55 விநாடி. பின்னணி இசை இல்லை. ஓரிடத்தில் தூரத்தில் காக்கை கத்துவது கேட்கும், அதை நான் எடுக்கவில்லை.

அதைப் பார்த்து நியூஜெர்சியிலிருந்து ஒருவர், சிங்கப்பூரிலிருந்து இருவர், ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து ஒருவர் சேர்ந்திருக்கிறார்கள். அமெரிக்கக் குழந்தைக்கு இங்கே விடிகாலை ஐந்தரைக்கு வகுப்பு. டீச்சர் நாலரைக்கே எழுந்து சுருதி சேர்த்துவிடுகிறார். சங்கிலியை மீட்க இன்னும் 31,000 ரூபாய் கட்ட வேண்டியிருக்கிறது.